ஆயிரம் வாட் வேண்டாம், முதலில் ஒரு ஸ்விட்சைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, வணக்கம். கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அப்பாவுக்கு எண்பது வயது. இளமையில் அவர் சேர்த்த இசைத்தட்டுகள் இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய இருக்கின்றன. அவர் மறுபடி கேட்கட்டுமே என்று என் மகன் ஆடியோ-டெக்னிகா எல்பி60எக்ஸ் ப்ளேயர் ஒன்று வாங்கித் தந்தான். டிவிக்கு வைத்திருக்கும் 5.1 ஹோம் தியேட்டரில் அதை இணைத்தோம். வால்யூமை முழுக்கத் திருப்பினாலும் சத்தம் சன்னமாக, கீச்சென்று வருகிறது. கடையில் கேட்டால், "உங்க செட்டுக்குப் பவர் பத்தலை, ஆயிரம் வாட் டவர் ஸ்பீக்கர் எடுத்துக்கோங்க" என்கிறார்கள். பரணில் அப்பாவின் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபையர் இருக்கிறது. ஸ்பீக்கர் பெட்டிகளைக் கரையான் அரித்துவிட்டது. ஹால் 12க்கு 15 அடி. 25,000 ரூபாய் வரை செலவழிக்க முடியும். என்ன வாங்கலாம்? அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பதில்:

அன்புள்ள டீச்சர்,

பர்ஸை உள்ளே வைத்துவிட்டு, ப்ளேயரின் பின்பக்கத்தைக் கொஞ்சம் பாருங்கள். அங்கே ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். ஒரு பக்கம் ஃபோனோ, மறுபக்கம் லைன் என்று போட்டிருக்கும். நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் அது இப்போது ஃபோனோ பக்கம் இருக்கிறது. வால்யூமை முழுக்கக் குறைத்துவிட்டு அதை லைன் பக்கம் தள்ளுங்கள். பிறகு வால்யூமை மெதுவாக ஏற்றுங்கள்.

காரணம் இதுதான். இசைத்தட்டின் பள்ளத்தில் ஓடும் ஊசியிலிருந்து வரும் மின்சாரம் மிக மிகச் சிறியது. உங்கள் ப்ளேயரில் உள்ள மாதிரி கார்ட்ரிட்ஜில் (ஊசியைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) சில மில்லிவோல்ட்தான் தேறும். ஹோம் தியேட்டரின் ஆக்ஸ் (AUX) துளை எதிர்பார்ப்பதோ சில நூறு மில்லிவோல்ட். நடுவில் ஏறக்குறைய நூறு மடங்கு பெருக்கித் தர ஒரு சின்ன சர்க்யூட் வேண்டும். அதற்குப் பெயர் ஃபோனோ ப்ரீஆம்ப்.

அது பெருக்குவதோடு நிற்பதில்லை. தட்டு வெட்டும்போதே பேஸ் என்கிற கீழ் ஸ்தாயியைக் குறைத்து, ட்ரெபிள் என்கிற மேல் ஸ்தாயியை ஏற்றித்தான் வெட்டுகிறார்கள். பேஸை அப்படியே வெட்டினால் பள்ளம் அகலமாகி, ஒரு பக்கத்தில் அடங்கும் பாட்டு குறைந்துவிடும். ட்ரெபிளை ஏற்றி வெட்டினால், திரும்பக் குறைக்கும்போது தட்டின் இரைச்சலும் சேர்ந்து குறையும். எவ்வளவு ஏற்றுவது, எவ்வளவு இறக்குவது என்பதை ஆர்.ஐ.ஏ.ஏ. என்ற அமெரிக்கச் சங்கம் 1954இல் ஒரே கணக்காக்கியது. 20 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் இறக்கம், 20,000 ஹெர்ட்ஸில் அதே அளவு ஏற்றம். ஃபோனோ ப்ரீஆம்ப் இதைத் தலைகீழாகச் செய்து சமன் ஆக்குகிறது. அந்தப் படி விட்டுப்போனால் சத்தமும் இருக்காது, பேஸும் இருக்காது, கீச்சுக் குரல் மட்டும் மிஞ்சும். உங்கள் வீட்டில் நடப்பது இதுதான். ஆயிரம் வாட் டவர் வாங்கி வைத்திருந்தாலும் அதே கீச்சுதான் கொஞ்சம் பெரிதாக வந்திருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. ப்ளேயரில் லைன் போட்டு, ஆம்ப்ளிஃபையரில் ஃபோனோ என்று எழுதிய துளையில் செருகினால் ப்ரீஆம்ப் இரண்டு தடவை வேலை செய்யும். சத்தம் காதைப் பிளக்கும், பேஸ் குழம்பிப்போய் பாட்டு கரகரக்கும். சன்னமாக இருந்தால் ப்ரீஆம்ப் இல்லை, கரகரத்தால் இரண்டு இருக்கிறது. இந்த ஒரு கணக்கு தெரிந்தால் பாதி ரிப்பேர் செலவு மிச்சம்.

சரி, ஸ்விட்சை மாற்றியதும் ஹோம் தியேட்டரிலேயே பாட்டு ஓரளவு நன்றாக வரும். ஒரு வாரம் அதிலேயே கேளுங்கள். ரிமோட்டில் ஸ்டீரியோ அல்லது 2.0 என்று வைத்துக்கொள்ளுங்கள், 5.1இல் விட்டால் பின் ஸ்பீக்கர்களிலும் பாட்டைப் பரப்பிக் குழப்பும். அதுவே போதும் என்று அப்பா சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது, 25,000 ரூபாய் மிச்சம்.

சொல்ல மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஒரு கச்சேரித் தட்டைப் போட்டு மிருதங்கத்தை மட்டும் கவனியுங்கள். இந்த மாதிரி செட்டில் முன்னால் இருப்பவை உள்ளங்கை அகலப் பெட்டிகள். அவற்றால் கீழ் ஸ்தாயியைத் தர முடியாது. அந்த வேலை முழுக்க மூலையில் கிடக்கும் சப்வூஃபருக்குப் போகிறது. அதனால் வலந்தலை டிவி பக்கத்திலிருந்தும் தொப்பி சோபாவுக்குப் பின்னாலிருந்தும் கேட்கும். ஒரே ஆள் வாசிக்கும் ஒரே வாத்தியம் அறையின் இரண்டு மூலைக்குப் பிரிந்து போய்விடும். ஆண் குரலின் அடிப்பகுதியும் இந்த இரண்டுக்கும் நடுவில் தொலையும். சினிமாவில் குண்டு வெடிப்பதற்காகச் செய்த செட் அது. இதைச் சரிசெய்ய நான்கு அல்லது ஐந்து அங்குல ஊஃபர் (பேஸ் தரும் பெரிய கோன்) உள்ள இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகள் போதும்.

இனி அந்த ஆயிரம் வாட் விஷயம். கடையில் பி.எம்.பி.ஓ. (ஒரு கணம் எட்டும் உச்சம் என்று விளம்பரத்துக்குப் போடும் எண்) என்று எதையாவது காட்டினால் அந்த எண்ணைப் பார்க்க வேண்டாம். பெட்டியோடு வரும் அடாப்டரைக் கையில் எடுத்து, அடியில் பொடி எழுத்தில் அச்சடித்திருப்பதைப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 24 வாட். சுவரிலிருந்து அது எடுத்துத் தருவதே 24 வாட் என்றால் ஸ்பீக்கருக்கு ஆயிரம் எங்கிருந்து வரும்? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். அடாப்டர் இல்லாமல் நேராக மின்கம்பி போகிற செட் என்றால் ஆர்.எம்.எஸ். (தொடர்ந்து தரக்கூடிய வாட்) என்று குறிப்பிட்ட எண்ணை மட்டும் கேளுங்கள்.

உங்கள் ஹாலுக்கு எவ்வளவு வேண்டும்? சாதாரண புத்தக அலமாரி ஸ்பீக்கர் ஒன்று, ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 86 டெசிபெல் அளவுக்குச் சத்தம் தரும். நாம் உட்கார்ந்து பேசுவது 60 டெசிபெல் அளவு. மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலும் இரண்டு பெட்டியும் அறையின் எதிரொலியும் சேர்ந்து 80ஐ ஒட்டி வந்துவிடும். அதுவே வீட்டுக்குள் நல்ல சத்தம். தவிலும் தனி ஆவர்த்தனமும் திடீரென்று எகிறும் இடங்களுக்காக 20, 30 வாட் கையிருப்பு இருந்தால் தாராளம். வாட்டை இரண்டு மடங்காக்கினால் கிடைப்பது வெறும் 3 டெசிபெல். காதுக்கு அது 'கொஞ்சம் கூடியிருக்கிறது' என்கிற அளவுதான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டுக்கு என்றால் ஆம்ப்ளிஃபையரைத் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் பவர்டு ஸ்பீக்கர் ஜோடிதான் என் சிபாரிசு. எடிஃபையர் ஆர்1280டி (R1280T) இந்த வகையில் நல்ல உதாரணம். நான்கு அங்குல ஊஃபர், இரண்டு பெட்டிக்கும் சேர்த்து 42 வாட் ஆர்.எம்.எஸ்., பின்னால் இரண்டு ஜோடி ஆர்.சி.ஏ. (சிவப்பு, வெள்ளை) துளைகள். ஒன்றில் ப்ளேயர், இன்னொன்றில் டிவியையோ ரேடியோவையோ செருகிக்கொள்ளலாம். உங்கள் பட்ஜெட்டில் பாதிக்குள்ளேயே அடங்கிவிடும். வலது பெட்டியின் பக்கவாட்டில் பேஸ், ட்ரெபிள், வால்யூம் மூன்றுக்கும் தனித்தனிக் குமிழ், கூட ஒரு ரிமோட். எண்பது வயதுக்காரர் தானாக எழுந்து போய்ப் பாட்டுப் போட்டுக்கொள்ள வேண்டும் என்றால் பெட்டியும் ஒயரும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. எந்த பிராண்டானாலும் ஊஃபர் அளவு, ட்ரெபிள் குமிழ், ஆர்.சி.ஏ. துளை மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

டோன் குமிழ் கூடவே கூடாது, பாட்டு 'சுத்தமாக' வர வேண்டும் என்பார்கள் ஆடியோ பைத்தியங்கள். விடுங்கள். அறுபது ஆண்டுகளுக்கு முன் பதிவான மோனோ தட்டைக் (இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே ஒலி வருவது) கேட்கிறவருக்கு ட்ரெபிள் குமிழ் ஒரு வரம்.

தனி ஆம்ப்ளிஃபையர், தனி ஸ்பீக்கர் என்று போனால் என்ன? பிற்பாடு ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளலாம் என்பது அதில் உள்ள சௌகரியம். டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியின் டிபிஏ3116 சிப்பை வைத்து உள்ளங்கை அளவு ஆம்ப்ளிஃபையர்கள் நிறைய வருகின்றன. அட்டையில் 100 வாட் என்று போட்டிருந்தாலும் 24 வோல்ட் அடாப்டரில் எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு 30 வாட் அளவுதான் கிடைக்கும். மேலே சொன்ன கணக்குப்படி அது தாராளம். இந்த வழியில் போனால் ஆம்ப்ளிஃபையருக்குக் கால் பங்கு, ஸ்பீக்கருக்கு முக்கால் பங்கு என்று பணத்தைப் பிரியுங்கள். விலை குறைந்த ஆம்ப்ளிஃபையருக்கும் விலை உயர்ந்ததற்கும் நடுவே காது கண்டுபிடிக்கும் வித்தியாசத்தைவிட, இரண்டு ஸ்பீக்கர்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் பல மடங்கு. கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் சொல்கிறார்கள்.

ஃபோனோ துளை உள்ள ஆம்ப்ளிஃபையர்தான் வேண்டும் என்று யாராவது சொன்னால், உங்கள் ப்ளேயருக்கு அது தேவையில்லை. ப்ரீஆம்ப் அதற்குள்ளேயே இருக்கிறது. அப்படி வாங்குகிற மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை: யமஹாவில் ஏ-எஸ்201க்கு ஃபோனோ துளை உண்டு, ஆர்-எஸ்202க்குக் கிடையாது. பெயர் ஒன்றுபோல இருக்கிறதே என்று அசந்தால் தனியாக ஒரு ப்ரீஆம்ப் வாங்க வேண்டிவரும்.

பரணில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அதில்தான் ஆசை. அது உயிரோடு இருந்தால் ஸ்பீக்கர் மட்டும் வாங்கினால் போதும், முழுப் பணமும் ஸ்பீக்கருக்கே போகும். ஆனால் தூசி தட்டி நேராக ப்ளக்கில் மட்டும் செருகிவிடாதீர்கள். பல வருஷம் மின்சாரம் காணாத ஆம்ப்ளிஃபையரில் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்கள் காய்ந்துபோயிருக்கும். எலி ஒயரைக் கடித்திருக்கும்.

உங்கள் ஊரில் பழைய ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்க்கிற மைக் செட்காரர் யாராவது இருப்பார். இல்லையென்றால் சென்னை ரிச்சி தெருப் பக்கம் கொண்டுபோக வேண்டும். விவரம் தெரிந்தவர் என்றால் முதலில் சீரிஸ் பல்பு போட்டுத்தான் ஆன் செய்வார். அதாவது ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் கரண்டை ஒரு 100 வாட் குண்டு பல்பின் வழியாக விடுவார். பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து அடங்கினால் ஆம்ப்ளிஃபையருக்குள் பெரிய கோளாறு இல்லை. அடங்காமல் பிரகாசமாக எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே ஷார்ட். நேராகச் செருகியிருந்தால் புகை வந்திருக்கும். பல்பு அதைத் தாங்கிக்கொள்கிறது. இதை வீட்டில் நீங்கள் செய்து பார்க்க வேண்டாம், அவர் செய்கிறாரா என்று மட்டும் பாருங்கள்.

அடுத்து, ஸ்பீக்கர் முனைகளில் மீட்டர் வைத்து டி.சி. வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் பயமில்லை. சில வோல்ட் காட்டினால் புது ஸ்பீக்கரின் காயிலைக் கருக்கிவிடும். அதைச் சரிசெய்யாமல் எதையும் இணைக்கக் கூடாது. குமிழைத் திருப்பும்போது வரும் கரகரப்புக்கு கான்டாக்ட் க்ளீனர் அடித்தால் போதும். பாட்டு இல்லாதபோதும் 'உம்ம்' என்று ஒரே சீராக இரைந்தால் பில்டர் கெபாசிட்டர் மாற்ற வேண்டும். இது பெரிய செலவு இல்லை.

பழைய ஆம்ப்ளிஃபையர்களில் பின்பக்கம் ஆர்.சி.ஏ.க்குப் பதில் ஐந்து கால் உள்ள வட்டமான டின் (DIN) சாக்கெட் இருக்கலாம். அதற்கு மாற்று ஒயர் கிடைக்கும். பிக்கப் என்று எழுதிய துளையில் ப்ளேயரைச் செருக வேண்டாம். அந்தக் காலத்துச் செராமிக் கார்ட்ரிட்ஜுக்காக வைத்ததா, காந்தக் கார்ட்ரிட்ஜுக்காகவா என்பது வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. ப்ளேயரில் லைன் போட்டு, ஆக்ஸ், ட்யூனர், டேப் இந்த மூன்றில் எது இருக்கிறதோ அதில் செருகுங்கள்.

ஸ்பீக்கர் ஒயருக்குத் தனிக் கடைக்குப் போக வேண்டாம். எலெக்ட்ரிக்கல் கடையில் 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை ஒயர் கேட்டு வாங்குங்கள். சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு. ஒரு பெட்டியில் மட்டும் மாறிப்போனால் எதுவும் எரியாது, ஆனால் பேஸ் காணாமல் போகும். கண்டுபிடிக்க மோனோ தட்டு ஒன்றைப் போடுங்கள்; அப்பாவின் பழைய சினிமாத் தட்டுகளில் நிறைய இருக்கும். குரல் இரண்டு பெட்டிக்கும் நட்டநடுவில், யாரோ அங்கே நிற்பதுபோலக் கேட்டால் இணைப்பு சரி. குரல் இடம் தெரியாமல் பரவிக் கேட்டால் ஒரு பெட்டியில் ஒயரை மாற்றிச் செருகுங்கள்.

ஸ்பீக்கரை வைக்கிற இடம் ஸ்பீக்கரைப் போலவே முக்கியம், இது காசில்லாத வேலை. நம் வீடுகளில் ப்ளேயரையும் இரண்டு ஸ்பீக்கரையும் ஒரே ஷோகேஸ் தட்டில் வரிசையாக அடுக்கிவிடுகிறோம். ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியாக ஊசிக்குப் போகும், ஊசி அதையும் பாட்டாக நினைத்து அனுப்பும், அது மறுபடி ஸ்பீக்கருக்குப் போகும். வால்யூம் ஏற ஏற ஊளையிட ஆரம்பிக்கும். சோதித்துப் பார்க்க, தட்டு ஓடும்போது இரண்டு பாட்டுக்கு நடுவே உள்ள இடைவெளியில் விரல் நுனியால் பலகையை லேசாகத் தட்டுங்கள். ஸ்பீக்கரில் 'டும்' என்று கேட்டால் இரண்டையும் பிரிக்க வேண்டிய நேரம். ப்ளேயர் சுவரில் பொருத்திய பலகையிலோ கனமான மரப் பெட்டி மேலோ இருக்கட்டும். ஸ்பீக்கர்கள் தனி ஸ்டூல்களில், ட்வீட்டர் (ட்ரெபிள் தரும் சின்ன ஸ்பீக்கர்) அப்பாவின் காது உயரத்துக்கு வருமாறு, ஒன்றுக்கொன்று ஆறடி தள்ளி, இரண்டும் அவர் நாற்காலியைப் பார்த்துத் திரும்பியிருக்கட்டும். நெளிந்த தட்டு ஓடும்போது ஊஃபர் கோன் மெதுவாக உள்ளேயும் வெளியேயும் ஆடுவது கண்ணுக்குத் தெரிந்தால் பேஸைக் குறைத்துவிடுங்கள்.

காது மந்தத்துக்கும் இங்கேயே மருந்து இருக்கிறது. வயதானால் முதலில் போவது மேல் ஸ்தாயி. 'சத்தம் கேக்குது, வார்த்தை புரியல' என்பார்கள். அப்போது வால்யூமை ஏற்றினால் பேஸ் இடிக்குமே தவிர சாகித்தியம் விளங்காது. ட்ரெபிளை ஒன்றிரண்டு புள்ளி கூட்டுங்கள், பேஸைக் கொஞ்சம் இறக்குங்கள், நாற்காலியைக் கிட்டே இழுங்கள். மூன்று மீட்டரில் உட்கார்ந்தவர் ஒன்றரை மீட்டருக்கு வந்தால், ஸ்பீக்கரிலிருந்து நேராக வரும் ஒலி 6 டெசிபெல் கூடும். நான்கு மடங்கு வாட் கொடுத்துச் சாதிக்க வேண்டிய காரியம் அது. காது டாக்டரிடம் ஒருமுறை காட்டுவதும் நல்லது, ஆனால் அதற்கு முன்பே நாற்காலியை நகர்த்திவிடுங்கள்.

மிச்சப் பணத்தில் ஒரு கார்பன் ஃபைபர் பிரஷும், ஏடிஎன்3600எல் என்ற மாற்று ஊசியும் வாங்கி வையுங்கள். ஊசி விலை மலிவுதான். ஆனால் தேய்ந்த ஊசி தட்டையும் சேர்த்துத் தேய்த்துவிடும். சில நூறு மணி நேரம் ஓடியதும் மாற்றிவிடுவது நல்லது.

டிரங்குப் பெட்டியைத் திறக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். கையில் எடுத்தால் கனமாக, தட்டினால் பீங்கான் போல ஒலித்து, பக்கத்துக்கு ஒரே பாட்டு இருக்கும் தட்டுகள் இருந்தால் அவை அரக்கில் செய்த 78 வேகத் தட்டுகள். கீழே விழுந்தால் சுக்குநூறாகும். உங்கள் ப்ளேயரில் அந்த வேகமே கிடையாது; 33, 45 இரண்டும்தான். 45இல் ஓட்டிப் பார்க்கலாமே என்றும் வைக்காதீர்கள். அந்தப் பள்ளம் 33 வேக எல்பி பள்ளத்தைவிட வெகு அகலம், உங்கள் ஊசி அதன் அடியில் உரசிக்கொண்டு ஓடும். அவற்றுக்கு 78 வேகமும் மூன்று மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) முனை உள்ள ஊசியும் வேண்டும். ஆடியோ-டெக்னிகாவிலேயே எல்பி120எக்ஸ் ப்ளேயரில் அந்த வேகம் இருக்கிறது, விஎம்என்95எஸ்பி என்ற ஊசி இதற்கென்றே வருகிறது. இந்த பட்ஜெட்டில் அது வராது. இப்போதைக்கு அந்தத் தட்டுகளைப் படுக்கப் போட்டு அடுக்காமல், நிமிர்த்தி நிறுத்தி வையுங்கள்.

ஸ்விட்சை மாற்றிவிட்டு என்ன ஆயிற்று என்று எழுதுங்கள். கூடவே பரணில் இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் பின்பக்கத்தை, துளைகளின் பெயர் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். ஸ்பீக்கருக்கு எத்தனை ஓம் என்று அங்கேதான் எழுதியிருக்கும். அதைப் பார்த்த பிறகு, பவர்டு ஸ்பீக்கரா, வெறும் ஸ்பீக்கர் ஜோடியா என்று முடிவு செய்யலாம்.